புரியாத பாட்டு ஏன் பிடிக்கிறது?
மேற்கத்திய ராப் இசையின் ஈர்ப்பும் கரிசல் மண்ணின் செவியும்

உலகில் பரவியிருக்கும் பாட்டு வகைகளில் சொல் மிகுந்தது ராப். ஒரு சினிமாப் பாட்டில் இருக்கும் சொற்களைப்போல இரண்டு மூன்று மடங்கு சொற்கள் ஒரு ராப் பாட்டுக்குள் அடைபட்டிருக்கும். மெட்டு குறைவு, பேச்சு அதிகம். அந்தப் பேச்சும் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், டெட்ராய்ட் நகரங்களின் கறுப்பின மக்கள் புழங்கும் கொச்சை மொழி. ஆங்கிலம் படித்தவர்களுக்கே அதில் பாதி பிடிபடாது. அப்படியிருந்தும் எமினெமின் 'லூஸ் யுவர்செல்ஃப்' (2002), 50 சென்ட்டின் 'இன் டா கிளப்' (2003) போன்ற பாட்டுகள் விருதுநகர், சாத்தூர், சிவகாசி இளைஞர்களின் கைப்பேசிகள் வரை வந்து சேர்ந்திருக்கின்றன. சொல்லையே முதலாக வைத்து எழுந்த ஒரு கலை, சொல் புரியாதவரை எதைக்கொண்டு பிடித்து நிறுத்துகிறது?

இதற்கு ஐம்பது ஆண்டுகளாகப் பலர் பதில் சொல்லி வருகிறார்கள். ஆனால் பெரும்பாலான பதில்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி இளைஞரையோ, அமெரிக்கப் புறநகரின் வெள்ளைக்காரப் பையனையோ, பல்கலைக்கழக விமர்சகரையோ மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் பிழைப்பாக உள்ள ஒரு கரிசல் வட்டாரத்துக் கேட்பாளரை எதிரில் வைத்து அந்தப் பதில்களை உரசிப் பார்த்தால், சில நிற்கின்றன, சில நழுவுகின்றன.

உடம்பு முதலில் கேட்கிறது

மிகப் பழைய பதில் தாளம். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸின் 1520, செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் நடத்திய விருந்தைத்தான் ஹிப்ஹாப்பின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் வெறியோடு ஆடுகிறது என்பதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, அந்தச் சில நொடிகளையே மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். 'பிரேக்' என்று அழைக்கப்படும் அந்தத் துண்டின்மீதுதான் பேச்சு ஏறியது. வரலாற்று வரிசையில் தாளம் மூத்தது, சொல் இளையது.

ஆய்வுச் சான்றும் ஓரளவு துணை நிற்கிறது. மரியா விட்டெக்கும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஃபங்க் இசையின் டிரம்ஸ் துண்டுகளைக் கேட்கச் செய்து, ஆடத் தோன்றுகிறதா, இன்பமாக இருக்கிறதா என்று வினவினார்கள். அடி மிக நேராக விழுந்தாலும் ஈர்ப்பில்லை, மிகச் சிக்கலாக விழுந்தாலும் இல்லை. எதிர்பார்த்த இடத்தில் சற்றுத் தவறி, பிறகு பிடி கொடுக்கும் நடுத்தரமான தாளமே அதிகம் பிடித்திருந்தது. ஹிப்ஹாப் எடுத்தாண்ட பிரேக்குகள் பல இந்த இனத்தைச் சேர்ந்தவை.

ஆனால் இந்த விளக்கம் எல்லா ஊர்ச் செவிக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. நோரி ஜேக்கபியும் ஜாஷ் மெக்டெர்மட்டும் 2017இல் அமெரிக்கர்களையும் பொலிவியாவின் சிமானே மக்களையும் ஒப்பிட்டபோது, இரு சாராருமே எளிய விகிதத் தாளங்களை நோக்கிச் சாய்ந்தார்கள். எந்த விகிதங்கள் என்பதில்தான் வேறுபாடு தெரிந்தது. எந்தத் தாளத்தில் வளர்ந்தோமோ அதுவே செவியைப் பழக்குகிறது என்று இதைப் படிக்கலாம்.

கரிசல் வட்டாரத்தின் செவி எதில் வளர்கிறது? விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலிலும் இருக்கன்குடி ஆடித் திருவிழாவிலும் முழங்கும் உறுமி, நையாண்டி மேளத்தின் தவில், பம்பை. இவற்றின் ஆட்ட நடை பெரும்பாலும் மூன்று மூன்றாக உருளும் திஸ்ரம். ராப்பின் அடிப்படை நான்கின் சதுரம். அந்தச் சதுரத்துக்குள் சொற்களை மூன்று மூன்றாக உருட்டும் பாணியை, மிகோஸ் குழுவின் 'வெர்சாச்சி' (2013) பெரிதும் பரப்பியது. திஸ்ரத்தில் ஊறிய செவிக்கு அந்தப் பாணி எளிதில் ஒட்டியிருக்கக் கூடும். அளந்து பார்க்காத ஊகம்தான் இது, ஆனால் அளந்து பார்க்கத் தகுந்த ஊகம். உறுமியின் இழுப்பான உறுமலுக்கு மேற்கிலும் செவி உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகளான மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், தன் தாயின் பெயரால் வெளியிட்ட 'கலா' (2007) தொகுப்பில் உறுமியைத் தாங்குதளமாகவே வைத்தார்.

தாளக் கொள்கையின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. தாளம் மட்டும்தான் காரணம் என்றால் பேச்சை நீக்கிவிட்டு பீட்டை மட்டும் ஓடவிட்டால் போதும். அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெருங்கூட்டம் மனப்பாடம் செய்வது சொற்களைத்தான், பொருள் தெரியாத சொற்களையும் சேர்த்து.

சொல்லின் கட்டும் குரலின் நிமிர்வும்

ராப்பைக் கவிதையாக வாசிக்கச் சொன்னவர்களில் ஆடம் பிராட்லி முக்கியமானவர். அவருடைய 'புக் ஆஃப் ரைம்ஸ்' (2009), தாளத்தோடு மோதியும் இசைந்தும் சொல் செல்லும் விதமே இன்பத்தின் ஊற்று என்று வாதிடுகிறது. வரியின் கடைசியில் மட்டும் ஒலி ஒத்துப்போன தொடக்க கால ராப்பை, ராக்கிம் 'பெய்ட் இன் ஃபுல்' (1987) தொகுப்பில் மாற்றிக்காட்டினார். ஒலியொப்புமை வரியின் நடுவுக்குள் புகுந்தது. வாக்கியம் வரியைத் தாண்டி ஓடியது.

இந்தக் கொள்கை தமிழுக்கு வரும்போது ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஆங்கிலத்தில் அசையழுத்தம் உண்டு. அழுத்தம் பெறும் அசை பீட்டின்மேல் விழுகிறதா விலகுகிறதா என்பதில்தான் விளையாட்டு. தமிழில் அத்தகைய அழுத்தம் வலுவானதல்ல. நம்முடைய அளவுகோல் மாத்திரை, குறிலும் நெடிலும். ஒலியொப்புமையிலும் இடம் வேறு. வினைமுற்று விகுதிகள் தாமாகவே ஒத்துப்போகும் மொழியில் வரிக் கடைசியில் இயைபு கிடைப்பது மிக எளிது. எளிதில் கிடைப்பது காதுக்கும் எளிதில் சலித்துவிடும். அதனால்தான் தமிழ்ச் செய்யுள் தன் உழைப்பை வரியின் தலைப்பக்கத்தில் வைத்தது: முதலெழுத்தில் மோனை, இரண்டாம் எழுத்தில் எதுகை. தமிழில் நன்றாக ராப் செய்பவர்களைக் கேட்டால், கடைசி இயைபை மட்டும் நம்புபவர் தட்டையாகவும், வரியின் தலையிலும் இடுப்பிலும் ஒலியைக் கட்டுபவர் உயிரோட்டமாகவும் தெரிகிறார். 'புக் ஆஃப் ரைம்ஸ்' போன்ற ஒரு நூல் தமிழ் ராப்புக்கு எழுதப்படுமானால் அது இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆயினும் சொற்கலைக் கொள்கை நம் கேள்விக்கு நேர்ப் பதிலாகவில்லை. சொல் விளங்காதவருக்குச் சிலேடை ஏது, உவமை ஏது? இங்கே சைமன் ஃப்ரித் 'பெர்ஃபார்மிங் ரைட்ஸ்' (1996) நூலில் குரலைப் பற்றிச் சொல்வது உதவுகிறது. வெகுசனப் பாட்டில் நாம் முதலில் கேட்பது ஒரு மனிதரை, அவர் நிற்கும் நிலையை. கெஞ்சுகிறாரா, மிரட்டுகிறாரா, தனக்குத்தானே பேசிக்கொள்கிறாரா என்பது பொருள் புரியாமலே தெரிகிறது. ராப் பாடகர் பாட்டுக்குள்ளேயே தன் பெயரைச் சொல்கிறார், தன் தெருவைச் சொல்கிறார், மூச்சு வாங்குவதைக்கூட மறைப்பதில்லை. யாருக்கும் தலை குனியாத ஒருவர் நேரே நின்று பேசுகிறார் என்ற உணர்வு மொழி கடந்து வருகிறது. காண்டிராக்டர், போர்மேன், முன்பணம் கொடுத்தவர் என்று அடுக்கடுக்காக மேலே ஆட்களைப் பார்த்து வளரும் ஓர் இளைஞருக்கு அந்த நிமிர்வே தனி ஈர்ப்பாக இருப்பதில் வியப்பில்லை. என் மதிப்பீட்டில், சொல் புரியாத கேட்பாளரை விளக்கும் கொள்கைகளில் இதுவே வலுவானது. சோதிக்கக் கடினமானதும் இதுதான்.

நம்மிடம் முன்பே இருந்ததா?

தமிழ்நாட்டில் அடிக்கடி சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு: ராப் நமக்குப் புதிதல்ல, அதனால்தான் பிடிக்கிறது. இதற்கு எடுத்துக்காட்டுகளும் இருக்கின்றன. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களை, அதாவது சந்த வகைகளைச் சொல்கிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ் வண்ணத்தின் உச்சம். சிவகாசியிலிருந்து தொலைவில் இல்லாத கழுகுமலை முருகனைப் பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முடுகு நடையில் நாக்கைச் சுழல வைத்தது. தஞ்சை வட்டாரத்து லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரு அணிகள் மேடையில் எதிரெதிரே நின்று, கேள்விக்குக் கேள்வி உடனுக்குடன் கட்டிப் பாடின. ராப் போட்டிகளுக்கு இதைவிட நெருங்கிய உருவத்தைத் தேட வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இதே போன்ற வாதம் உண்டு. டேவிட் டூப் 'ராப் அட்டாக்' (1984) நூலில் மேற்கு ஆப்பிரிக்கக் கதைப்பாடகர் மரபு வரை வேர்களைத் தேடிச் சென்றார். ஜமைக்கா ஒலிபெருக்கி விருந்துகளை மூலமாகச் சொல்வதும் வழக்கமாயிற்று. ஹெர்க்கே ஒரு கட்டத்தில் அந்த ஜமைக்கா உறவை மறுத்தார்.

உருவ ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது என்பதே இங்கு முதல் எச்சரிக்கை. வேகமாகவும் ஒலியொத்தும் பாடும் வழக்கம் பல மொழிகளில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. சிவகாசி இளைஞர் காவடிச்சிந்தின் வழியாக எமினெமிடம் போய்ச் சேரவில்லை. இன்னொரு குறை இதைவிடக் கனமானது. 'எல்லாம் நம்மிடம் இருந்தது' என்று சொல்லும்போது எந்த 'நம்மிடம்' என்ற கேள்வி மறைந்துபோகிறது. சிந்துக்கும் வண்ணத்துக்கும் கிடைத்த மரியாதை பறைக்கும் ஒப்பாரிக்கும் கிடைத்ததில்லை. கரிசல் வட்டாரத்து நாகஸ்வரக் கலைஞர்கள் பட்ட அவமதிப்பை எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' நாவல் விரிவாகச் சொல்கிறது. 2018ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருதை அது பெற்றது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் டென்மாவின் இசை வழிநடத்தலில் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது, கானாவையும் பறையையும் ராப்பையும் ஒன்றாக நிறுத்தியது. மரபு பற்றிய வாதத்துக்கு அது நேர்மையான ஒரு பதில். முன்னோர் பெருமை பேசுவதற்குப் பதிலாக, யாருடைய முன்னோர் ஒதுக்கப்பட்டார்கள் என்று அது கேட்டது.

தெரிந்தது புதிய இடத்தில் வரும்போது

பழைய பாட்டின் துண்டை எடுத்துப் புதிய பாட்டுக்குள் பதிப்பது ஹிப்ஹாப்பின் அடிப்படைத் தொழில். அடையாளம் கண்டுகொள்ளும் மகிழ்ச்சியே ஈர்ப்பு என்பது இன்னொரு கொள்கை. உளவியலில் இதற்கு வலுவான பின்புலம் உண்டு. திரும்பத் திரும்ப எதிர்ப்படுவதே விருப்பத்தை வளர்க்கிறது என்று ராபர்ட் ஜயான்ஸ் 1968இலேயே காட்டினார். எலிசபெத் மார்குலிஸின் 'ஆன் ரிப்பீட்' (2014) இதை இசைக்கு விரித்தது.

சிவகாசிக்காரருக்கு இதைப் புரிய வைக்க அதிகம் பாடுபட வேண்டாம். கோவில்பட்டியில் தங்கி வரைந்த சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் தீட்டிய தெய்வ உருவங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகப் பல்கிப் பெருகின. ஒருவர் வரைந்த முகம், இன்னொருவர் வரைந்த நகை, வேறொரு படத்துப் பின்னணி என்று வெட்டியும் ஒட்டியும் புதுப் படம் பிறந்தது. கஜ்ரி ஜெயின் 'காட்ஸ் இன் த பஜார்' (2007) நூலில் இந்தப் பட உலகத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அசல், நகல் என்ற மேட்டிமைக் கணக்கு இங்கே செல்லாது. தெரிந்த முகம் என்பதாலேயே படம் வீட்டுக்குள் நுழைந்தது. சாம்பிள் செய்த பாட்டும் அப்படித்தான் நுழைகிறது.

தமிழ் ஹிப்ஹாப்பின் முதல் பெரிய வெற்றியும் இந்த வழியில்தான் வந்தது. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பில், 'நிழல்கள்' (1980) படத்துக்காக இளையராஜா அமைத்த 'மடை திறந்து' புது வடிவில் வந்தது. ராப்பை முன்பின் கேட்டிராதவர்களும் அந்த மெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஆனால் இக்கொள்கையால் விளக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பாட்டில் பதிந்திருக்கும் பழைய ஃபங்க், சோல் துண்டுகள் கரிசல் செவிக்குத் தெரிந்தவை அல்ல. எது நினைவில் இல்லையோ அதை அடையாளம் காண முடியாது. ஆக, இது தமிழ் ராப்பின் ஈர்ப்பை நன்றாக விளக்குகிறது, மேற்கத்திய ராப்பின் ஈர்ப்பைச் சற்றே விளக்குகிறது.

சாட்சியம் என்ற கொள்கை

அறிவுலகில் அதிக மதிப்புள்ள பதில் இதுதான்: ஒடுக்கப்பட்டவர் தன் வாழ்வைத் தானே சொல்வதால் ராப் ஈர்க்கிறது. டிரிஷியா ரோஸின் 'பிளாக் நாய்ஸ்' (1994) இதன் செவ்வியல் நூல். கறுப்பின மக்களுக்கான செய்தி நிறுவனம் ராப் என்ற பொருளில் பப்ளிக் எனிமி குழுவின் சக் டி சொன்னது பலமுறை எடுத்தாளப்பட்டது. கென்ட்ரிக் லமாரின் 'ஆல்ரைட்' (2015) போராட்ட ஊர்வலங்களில் முழக்கமானது. அவருடைய 'டேம்ன்' தொகுப்பு 2018இல் புலிட்சர் பரிசும் பெற்றது.

ஆயினும் வரலாறு இந்தக் கொள்கையை முழுதாக ஆதரிக்கவில்லை. சேரி வாழ்வின் நெருக்கடியைச் சொன்ன 'தி மெசேஜ்' (1982) பாட்டைப் பதிவு செய்ய கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரே தயங்கினார்கள். ஆட வருபவர்களுக்குச் சோகம் எதற்கு என்பது அவர்கள் கவலை. பாட்டு வென்றது. ஆனால் அதற்கு முன் வந்த ஆண்டுகளில் ராப்பை வளர்த்தது கொண்டாட்டம்தான்.

துயரம் மிகுந்த இடத்தில் ராப் தானாக முளைக்கும் என்றால், சிவகாசி வட்டாரம் அதன் தலைநகராக இருந்திருக்க வேண்டும். 1980களில் குழந்தை உழைப்பின் பெயரால் உலகச் செய்தியான ஊர் இது. முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிறிதும் பெரிதுமாக விபத்துகள் இன்றும் ஓயவில்லை. 2018இல் பேரியம் உப்புக்கு உச்ச நீதிமன்றம் விதித்த தடை, சரவெடித் தடை ஆகியவற்றுக்குப் பிறகு வேலை நிச்சயமின்மையும் சேர்ந்துகொண்டது. இவ்வளவும் பேசப்பட்டிருக்கிறது, வேறு வடிவங்களில். சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) ஆவணப்படம், மேலாண்மை பொன்னுச்சாமி முதலிய இம்மாவட்ட எழுத்தாளர்களின் கரிசல் கதைகள், அறிவொளி இயக்க காலத்து வீதி நாடகங்கள், பாட்டுகள் என்று அந்த வரிசை நீளும். தமிழ் ஹிப்ஹாப் வரலாற்றில் முதலில் சொல்லப்படும் பெயர்களோ கோலாலம்பூர், கொழும்பு, சென்னை, கோவை, அரக்கோணம் ஆகிய ஊர்களோடு சேர்ந்தவை. துயரம் போதாது. கூடி நிற்க ஓர் இடம், கையில் கொஞ்சம் நேரம், பழகிய ஒலிக்கருவி, கேட்கும் கூட்டம் ஆகியவையும் வேண்டும். மருந்து உராயாமல் கை மெல்லப் புழங்க வேண்டிய பட்டாசு அறையில், ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியின்கீழ், பாட்டு வளர வழியில்லை. வேலையின் அசைவிலிருந்தே தாளம் பிறக்கிறது என்று கார்ல் பூஷர் 1896இல் எழுதிய கொள்கை, இங்கே வந்து முட்டி நிற்கிறது.

சாட்சியத்தை யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரச மாசு பற்றி சோஃபியா அஷ்ரப் 2015இல் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்', நிக்கி மினாஜின் பிரபலமான பாட்டொன்றின் இசைமீது அமைந்த ஆங்கில ராப். அது உலகம் முழுக்கச் சுற்றியது. 2016 மார்ச்சில் ஆலையை நடத்திய நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. ஆலை மூடப்பட்ட 2001 முதல் தொழிலாளர்கள் நடத்திய போராட்டமே அடித்தளம். பாட்டு அதற்குக் கடைசிக் கட்டத்தில் ஒலிபெருக்கியானது. அதன் முதன்மைக் கேட்பாளர் தொழிலாளர் அல்ல, நிறுவனத்தின் வாடிக்கையாளர் உலகம். அது குறையல்ல, அந்தப் பாட்டின் உத்தியே அதுதான். எனினும் சாட்சியம் ஈர்க்கிறது என்று சொல்லும்போது, தன்னைப் பற்றிய சாட்சியத்தால் ஈர்க்கப்படுவதும் பிறர் சாட்சியத்தால் ஈர்க்கப்படுவதும் வேறு வேறு என்பதை இந்த வழக்கு தெளிவாக்குகிறது.

சந்தையும் வசையும்

பிடிக்க வைக்கப்பட்டதால் பிடிக்கிறது என்பவர்களும் உண்டு. 1988இல் எம்டிவி ராப்புக்குத் தனி நிகழ்ச்சி தொடங்கியது. 1991இல் சவுண்ட்ஸ்கேன் முறையால் விற்பனை துல்லியமாகக் கணக்கிடப்பட்டதும், என்.டபிள்யூ.ஏ. குழுவின் தொகுப்பு முதலிடம் பிடித்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர் என்ற பேச்சு அதன்பின் பரவியது. பக்காரி கிட்வானா 2005இல் எழுதிய நூலில் அந்தக் கணக்கையே கேள்விக்குள்ளாக்கினார். தமிழ்நாட்டில் வாயில்காப்பாளன் சினிமா. 'காதலன்' (1994) படத்தின் 'பேட்டை ராப்' முதல் அது நீள்கிறது. 2016க்குப் பின் மலிந்த இணையம் அந்த வாயிலைப் பாதி திறந்தது.

பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் ஏன் விற்கின்றன என்பதற்குச் சந்தை விளக்கம் மட்டும் போதாது. அந்த இழிவு ராப்பில் பிறந்ததல்ல, ஆளும் சமூகத்தின் மதிப்பீடுகளே அதில் எதிரொலிக்கின்றன என்று பெல் ஹூக்ஸ் 1994இல் எழுதினார். ஹிப்ஹாப் தமிழாவின் 'கிளப்புல மப்புல' (2011) பெரும் புகழ் பெற்றதும் பெண்களைக் கடிந்துரைப்பதாக விமர்சிக்கப்பட்டதும் சேர்ந்தே நடந்தன. நிமிர்வு ஈர்க்கிறது என்று மேலே சொன்னேன். அந்த நிமிர்வு யார் தோளின்மேல் ஏறி நிற்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

எஞ்சி நிற்பவை

இக்கொள்கைகளை ஒரே கேள்விக்கான போட்டிப் பதில்களாகக் கொள்வதில்தான் பெரும் குழப்பம் எழுகிறது. முதல் முறை காதில் விழும்போது நிறுத்துவது எது, நூறாவது முறையும் கேட்க வைப்பது எது, தானும் பாடத் தூண்டுவது எது என்று பிரித்துக்கொண்டால் ஓரளவு தெளிவு கிடைக்கிறது. முதலாவதில் தாளமும் குரலின் நிமிர்வும் முன்னிற்கின்றன. இரண்டாவதில் பழக்கமும் சந்தையும் சேர்கின்றன. மூன்றாவதில் சொற்கலையும் சாட்சியமும் வந்தே தீர வேண்டும், அதுவும் தன் பேச்சுமொழியில். பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் சேர்ந்த 'என்ஜாய் எஞ்சாமி' (2021) இதற்கு நல்ல சான்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டியின் நினைவும் ஒப்பாரியின் சாயலும் இருந்ததால்தான், அது மேற்கத்திய வடிவத்தின் இரவல் ஒலியாக நிற்கவில்லை. மொழி தெரியாத நாடுகளிலும் அது கேட்கப்பட்டது என்பதால், நம் கேள்வி எதிர்த்திசையிலும் பொருந்துகிறது: தமிழ் புரியாதவருக்கு அது ஏன் பிடித்தது?

தீராத கேள்விகள் குறைந்தது மூன்று. திஸ்ர நடையில் பழகிய செவி ராப்பின் தாளத்தை வேறு விதமாக வாங்குகிறதா என்பதை ஆய்வு செய்து பார்க்கலாம். அதற்கு உறுமிக் கலைஞர்களும் உளவியலாளர்களும் ஒரே அறையில் உட்கார வேண்டும். பெண் கேட்பாளர்களைப் பற்றி அநேகமாக எல்லாக் கொள்கைகளும் மௌனம் சாதிக்கின்றன. பட்டாசிலும் தீப்பெட்டியிலும் உழைப்பவர்களில் பெரும்பகுதி பெண்களாக உள்ள வட்டாரத்தில் இது சிறு விடுபடல் அல்ல. கடைசியாக, சரம் பின்னும் கையின் பேச்சு, மணிமருந்து அறையின் அச்சம், தீபாவளிக்கு முந்தைய மாதங்களின் ஓட்டம் ஆகியவை ராப்பாக வந்தால் அதை முதலில் யார் கேட்பார்கள் என்பது. நகரத்து இணையக் கேட்பாளரா, அல்லது சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் அந்த வேலையைச் செய்பவர்களேயா? எந்தக் கேட்பாளரை நோக்கிப் பாடுகிறார் என்பதைப் பொறுத்து, பாடகர் எடுக்கும் மொழியும் தாளமும் மாறும்.